இறக்கக்கண்டி: ஐம்பது அடிக் கணக்கு

பாலத்தில் நின்றால் கச்சான் காற்று ஆளைக் கடல் பக்கம் தள்ளுகிறது. ஓகஸ்ட் மாதம். மேற்கே களப்பு வற்றிப்போய்க் கண்டல் வேர்கள் வெளியே தெரிகின்றன. கிழக்கே முகத்துவாரம், அங்கே கட்டிக்கிடக்கும் பைபர் படகுகள், அதற்கப்பால் வங்காள விரிகுடா. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வருகிறவருக்கு நிலாவெளியின் ஹோட்டல் பலகைகள் குறைந்து, வேலியும் வளவும் கருவாட்டு வாடையும் தொடங்கும் இடம் இறக்கக்கண்டி.

கூட வந்தவர் குச்சவெளிப் பிரதேச சபை விவகாரங்களோடு நெடுங்காலம் பழகியவர். பெயர் போடவேண்டாம் என்றார். ஊர் அவரை நானா என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே. பாலத்துச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் சுற்றிவரக் காட்டினார்.

"அந்தா தெரியிற கண்டல் கரையோரத் திணைக்களத்துக்கு. அதுக்கங்கால காடு வன இலாகாவுக்கு. கடலுக்குள்ள புறாமலை வனசீவராசிக்கு. சின்னக் குளமெண்டா கமநலம், பெரிய குளமெண்டா நீர்ப்பாசனம். நாம நிக்கிற ரோட்டும் பாலமும் ஆர்.டி.ஏ. இனி எங்கட சபைக்கு என்ன மிச்சம், சொல்லுங்க தம்பி? தெருலைட்டும் குப்பையும்."

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் வந்திருந்தேன். தண்ணீரையும் காட்டையும் காக்கிறோம் என்று கொழும்பு போடுகிற சட்டங்கள் ஊரை வளரவிடாமல் கட்டிப்போடுகின்றன என்பது கிழக்குக் கரையோரச் சபைகளில் கட்சி பேதமில்லாமல் ஒலிக்கும் குறை. அதை மேசையில் உட்கார்ந்து கேட்பதைவிட அந்த நிலத்தில் நடந்து கேட்பது நல்லதென்று பட்டது.

முதலில் களப்பு ஓரமாக இறங்கினோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. ஆறோ களப்போ கடலில் சேரும் இடமென்றால் வலயம் அந்த நீர் வழியே உள்ளே 2 கிலோமீற்றர் வரை நுழையும். 2011இல் வந்த திருத்தம் அந்த நீர்நிலைகளைச் சுற்றி இன்னொரு 100 மீற்றரைச் சேர்த்தது. படத்தில் கோடு போட்டுப் பார்த்தால் விளைவு விளங்கும். கடலுக்கும் களப்புக்கும் இடையே 400 மீற்றருக்குக் குறைவாக இருக்கிற எந்த நிலத்துண்டும் ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் வலயத்துக்குள் போய்விடும். முகத்துவாரத்தை அண்டிய ஊர்களின் தலைவிதி அது.

"அப்ப ஒண்டும் கட்டேலாது," என்றார் நானா.

அது சரியில்லை. வலயத்துக்குள் கட்டவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அனுமதி எடுத்துக் கட்டு என்கிறது. சிறு வீடுகளுக்குப் பிரதேச செயலகமே அனுமதி தரும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அனுமதிக்கு உறுதி வேண்டும், நில அளவைப் படம் வேண்டும், வரைபடம் வேண்டும். 1990இல் போர் துரத்தக் கட்டின துணியோடு ஓடி, அகதி முகாம்களில் கிடந்து, திரும்பி வந்தபோது ஊரோடு கடதாசியையும் தொலைத்திருந்தவர்கள் இங்கே கொஞ்சமல்ல. அவர்களுக்கு 'அனுமதி எடு' என்பதும் 'கட்டாதே' என்பதும் நடைமுறையில் ஒன்றுதான். சட்டத்தரணியும் கட்டடக்கலைஞரும் வைத்திருக்கிற ஹோட்டல்காரருக்கு அப்படியில்லை. இந்த இடத்தில் நானா பக்கம்தான் நானும்.

களப்புக் கரையில் ஒரு வளவு. வாசலில் பாய் விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தார் அறுபதைத் தாண்டிய ஒரு தாத்தா. (கிழக்கு முஸ்லிம்களுக்கு மூத்த சகோதரி தாத்தா, தமிழ்நாட்டு வாசகர் திகைக்கவேண்டாம்.) 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அவர்களுடைய முந்திய வீடு அடியோடு போனது. பிறகு அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டத்தகாத கரைப்பட்டி அறிவித்தது. தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு அந்த 200 மீற்றரை அவர்கள் காலடியால் அளந்து பார்த்தார்களாம். ஒரு வருடம் போவதற்குள் அரசாங்கம் அதைத் தளர்த்தி, 1997ஆம் ஆண்டுக் கரையோர முகாமைத்துவத் திட்டத்தின் பழைய தூரங்களுக்கே திரும்பியது. "அவங்க மாத்தி மாத்திச் சொன்னாங்க, நாங்க மாறி மாறி ஓடினம்," என்றார். தெற்குக்கு ஏன் 100, எங்களுக்கு ஏன் 200 என்ற கேள்வி இன்னும் இங்கே செத்துப்போகவில்லை. சுற்றாடல் சட்டம் எதையும் இவ்வூர் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அந்த ஒரு வருடமே போதும் என்று நினைக்கிறேன்.

தாத்தாவுக்கு இப்போதைய கவலை வேறு. மூன்று பெண்பிள்ளைகள். கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கால் ஏக்கர் வளவு இருந்தால் அது காலப்போக்கில் மகள்மாருக்கு மூன்று துண்டு, தாய்க்கு ஒரு துண்டு என்று பிரியும். வளர்ச்சி என்று அரசியல்வாதி மேடையில் சொன்னால் நமக்கு ஹோட்டலும் தொழிற்சாலையும் கண்ணில் வரும். இறக்கக்கண்டியில் வளர்ச்சியின் பெரும்பகுதி இந்த வளவுகளுக்குள் எழும்பும் சீதன வீடுகள். அதை எந்தத் திணைக்களமும் அபிவிருத்தி என்று கணக்கெடுப்பதில்லை.

அங்கிருந்து வீதியைக் கடந்து மேற்கே காட்டுப் பக்கம் போனோம். பற்றைக் காடு, நடுவே பாலையும் வீரையும். பாதையோரம் வெள்ளையடித்த எல்லைக்கல். நானா அதைக் காலால் தட்டினார். "இதுக்கங்கால என்ட வாப்பா சேனை செஞ்ச காணி."

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2001இல் வந்த 5/2001 சுற்றறிக்கை, ஒதுக்கக் காடென்று வர்த்தமானியில் வராத 'ஏனைய அரச காடுகளை'யும் வன இலாகாவின் பொறுப்பில் விட்டது. போர் நடந்த காலம் அது. மக்கள் இல்லாத சேனைக் காணியில் காடு தானாக எழும்பியது. போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது காட்டுக்குப் பதினைந்து இருபது வயது, சுற்றிவரக் கல். 2020 நவம்பரில் அந்தச் சுற்றறிக்கையை இரத்துச் செய்து அதிகாரத்தைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் அரசாங்கம் திருப்பிக் கொடுத்தபோது சுற்றாடல் அமைப்புகள் காடு அழியப்போகிறது என்று நீதிமன்றம் போயின. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2001இலும் சரி 2020இலும் சரி, பிரதேச சபையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரம் ஒரு மத்திய அலுவலகத்திலிருந்து இன்னொரு மத்திய அலுவலகத்துக்கு மாறியது. செயலகம் வேறு, சபை வேறு என்பது கொழும்புப் பத்திரிகைகளுக்கே பல தடவை மறந்துபோகிறது.

சபை என்ற ஒன்று இருந்ததா என்பதே வேறு கேள்வி. 2018இல் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6இல்தான் வைத்தார்கள். இடையில் செயலாளர்களே சபையை நடத்தினார்கள். மேலே இருக்கவேண்டிய கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது, அதற்குத் தேர்தலே வரவில்லை. காணி அதிகாரம் பற்றிப் பேச ஆளே இல்லாத வருடங்கள் அவை.

இவ்வளவு தூரம் நானாவின் குறைகளுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தேன். களப்புக் கரைக்குத் திரும்பிக் கிணற்றடிக்கு வந்த பிறகுதான் தலையாட்ட முடியாமல் போயிற்று.

தாத்தாவின் வளவுக்குப் பக்கத்து வளவில் கட்டுக்கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் அவ்வளவு ஆழத்திலில்லை. வாளியில் எடுத்துக் குடித்தேன். கொஞ்சம் கனம், ஆனால் உப்பில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்து எழுதியவர் மண்ணியல் அறிஞர் பானபொக்கே. அதில் ஒரு வகை கரையோர மணலில் ஆழமில்லாமல் கிடக்கும் நீர். கற்பிட்டியும் மன்னாரும் மணல்திட்டு வகை. நிலாவெளி-குச்சவெளி, புல்மோட்டை, கல்குடா பழைய உயர்ந்த கடற்கரை வகை. எப்போதோ கடல் போட்டுவிட்டுப்போன மணல்மேடு மாரிமழையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்வதுதான் வருமானம், மீதி மாதமெல்லாம் செலவு. உப்பு நீரைவிட நல்ல நீர் இலேசானதால் அதன் மேலே மிதந்து நிற்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்ட கணக்கு. இங்கே மணலுக்கடியில் பாறை வந்துவிடும் என்பதால் அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு பல அடி ஏறும் என்பது பொருந்தும்.

ஆகவே இறக்கக்கண்டியின் நீரேந்து நிலம் எது? களப்புக் கரையின் 100 மீற்றரோ எல்லைக்கல்லுக்கு அப்பாலுள்ள காடோ மட்டுமல்ல. ஊர் குந்தியிருக்கும் இந்த மணல்மேடே நீரேந்து நிலம். வீடு, பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடம், கடை எல்லாம் அதன் மேல்தான். களப்புக்கு வேலி போட்ட சட்டமும் காட்டுக்குக் கல் நட்ட சட்டமும் இதைக் காணவேயில்லை. ஆழக்குழாய்க் கிணறு என்றால் நீர்வளங்கள் சபை என்று ஒன்று இருக்கிறது. மணலில் தோண்டிய கட்டுக்கிணறு எவர் கணக்கிலும் வராது.

அதோடு காலமும் எதிர்மாறாக அமைந்திருக்கிறது. கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை. கிணறு ஆகக் கீழே இறங்குகிற மாதங்களும் அவைதான். நிலாவெளிப் பக்கம் திரும்பி நடந்தபோது விருந்தினர் விடுதிகளில் புல்தரைக்குத் தண்ணீர் சுற்றிச் சுற்றி விசிறுவதைப் பார்த்தேன். காலில் மணல் சுடுகிறது, புல் பச்சை. குழாயில் வருவது கந்தளாய்க் குளத்து நீர், அதற்குக் காசு. மோட்டர் போட்டு இறைத்தால் மின்சாரச் செலவு மட்டும். எந்த முதலாளியும் எதைத் திறப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எடுப்பதைவிடக் கொடுப்பது இன்னும் மோசம். மலகூடக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இருக்கவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகச் சொல்லும் கணக்கு இங்கே குழந்தைக்கும் தெரியும். தாத்தாவின் கால் ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேர்ச். நாலாகப் பிரித்தால் துண்டுக்கு 10 பேர்ச். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. ஒரு மூலையில் கிணறு, மறுமூலையில் குழி என்று வைத்தால் தன் வளவுக்குள் சமாளிக்கலாம். பக்கத்து மகளின் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் பத்தாவது அடியில் இருந்தால்? நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதி ஒத்துக்கொள்ளும் ஆகச் சிறிய குடியிருப்புத் துண்டு 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச். அதன் பக்கம் 40 அடி. மூலைக்கு மூலை அளந்தாலும் 57 அடி; கிணற்றின் அகலமும் குழியின் அகலமும் போனால் நடுவில் ஐம்பது மிஞ்சாது. சட்டப்படி சரியான ஒரு துண்டில் சுகாதாரப்படி சரியான கிணறும் குழியும் வைக்க முடியாது. நானா மணலில் குச்சியால் கீறிப் பார்த்தார், இரண்டாம் தடவையும் கீறினார். "நாங்க இப்பிடி யோசிக்கல்ல," என்றார்.

கற்பிட்டி இந்தப் பாதையில் எங்களுக்கு முன்னே போன ஊர். அதே மாதிரி மணல், அதே மாதிரி ஆழமில்லாத நீர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொட்டிய உரம் கிணற்றில் நைத்திரேற்றாக இறங்கியதை 1990களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே நிறைய. கிருமியை மணல் ஓரளவு வடிக்கும், நைத்திரேற்றை வடிக்காது. அது உரத்திலிருந்தும் வரும், மலகூடக் குழியிலிருந்தும் வரும். இன்னொரு பாடம் சுனாமி தந்தது. கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று கிழக்கில் மாறி மாறி இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கீழேயிருந்த உப்பு மேலே ஏறியது. கடைசியில் கிணற்றைக் கழுவியது மோட்டரல்ல, மாரிமழை.

நானாவிடம் அமெரிக்கக் கதையொன்று சொன்னேன். நியூயோர்க் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி நூறு மைல் தள்ளியிருக்கும் கட்ஸ்கில் மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. 1990இல் நகரம் அங்கே கட்டடம், கழிவு, பண்ணை எல்லாவற்றுக்கும் புதிய கட்டுப்பாடுகள் கொண்டுவரப் பார்த்தது. அந்தச் சிறு ஊர்ச் சபைகள் கொதித்தெழுந்தன: உங்கள் தண்ணீருக்கு எங்கள் ஊர் வளராமல் கிடக்கவேண்டுமா என்று. கூட்டணி அமைத்து, வழக்குப்போட்டு, பேசிப் பேசி 1997 ஜனவரியில் உடன்படிக்கை கையெழுத்தானது. கட்டுப்பாட்டை ஊர்கள் ஏற்றுக்கொண்டன. நகரமோ அவர்களுடைய கழிவுநீர் நிலையங்களைக் கட்டவும், பழுதான மலகூடக் குழிகளைத் திருத்தவும், உள்ளூர்த் தொழில்களுக்கும் பணம் கொடுத்தது. வடிகட்டும் ஆலை கட்டியிருந்தால் பல பில்லியன் டொலர் போயிருக்கும் என்பதால் நகரத்துக்கும் இலாபம்.

"அப்ப எங்களுக்கும் காசு தரவேணும்," என்றார் நானா உடனே.

புறாமலையைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் அர்த்தமிருக்கிறது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. பவளப்பாறை பார்க்க வருகிறவர் வாங்கும் ரிக்கற்றின் காசு வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. அவர் விட்டுப்போகும் போத்தலும் பொலித்தீனும் சபைக்கு. அதில் ஒரு பங்கு கேட்பது பிச்சையல்ல. குச்சவெளிப் பக்கம் களப்பு வெளியை உப்பளமாக மாற்றப் பெரிய நிறுவனத்துக்கு இடம் கிடைத்தது, களப்போரம் ஓர் அறை கூட்ட இந்தத் தாத்தாவுக்கு இழுபறி என்றால் ஊர் கேள்வி கேட்கத்தான் செய்யும்.

ஆனால் மணல்மேட்டின் தண்ணீரை வேறெந்த நகரமும் குடிக்கவில்லை. குடிப்பவர்களும் கெடுப்பவர்களும் ஒரே ஊர். இதற்கு எவரிடம் காசு கேட்பது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சபையின் ஆட்சிப் பரப்புக்குள் பொதுச் சுகாதாரம் பற்றிய எல்லாவற்றையும் சபையின் கையில் கொடுக்கிறது. கட்டட வரைபடம் சபைக்கு வருகிறது. குடிபுகுமுன் கொடுக்கும் இணக்கச் சான்றிதழிலும் சபைக்குக் கை இருக்கிறது. சுற்றுலாச் சபையில் பதிந்த ஹோட்டல்களின் வரும்படியில் நூற்றுக்கு ஒன்று வரை அறவிடவும் அதே சட்டம் வழிவிடுகிறது. கொழும்பில் இருந்து எவரும் வந்து தடுக்கப்போவதில்லை. வேண்டியது மூன்று நாலு தீர்மானங்கள்: சீதன வளவைப் பிரிக்கும்போது மகள்மார் எல்லோருக்கும் ஒரு பொதுக் கிணறு, ஒரு மூடிய தொட்டி; கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அடிப்பக்கம் பூசிய தொட்டி கட்டாயம்; வேனில் மாதங்களில் விடுதிப் புல்தரைக்குக் கிணற்று நீர் இல்லை. வாக்குப் போகும் என்ற பயம்தான் தடை. தெருலைட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் மலகூடக் குழிச் சட்டத்துக்குத் தட்டமாட்டார்கள்.

நானா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வேறொரு பக்கத்தால் வந்தார்.

"சரி தம்பி, மூடின தொட்டி கட்டச் சொல்லுறம். நிரம்பினா?"

"பவுசர் வைத்து எடுக்கவேண்டும். ஹோட்டல் காசில் ஒரு பவுசர் வாங்கலாம்தானே."

"வாங்கலாம். எடுத்ததக் கொண்டுபோய் எங்க ஊத்திற? களப்புக்குள்ளயா? அதுக்கு ஒரு சுத்திகரிப்பு இடம் வேணும். ஊருக்குள்ள விடமாட்டாங்க. கரையில விடமாட்டாங்க. மிச்சம் மேற்கதான்."

கையை நீட்டிக் காட்டினார். எல்லைக்கல் இருந்த பக்கம்.

"ரெண்டு ஏக்கர் போதும். தண்ணியக் காப்பாத்த வன இலாகாட்ட காணி கேக்கவேணும் நாங்க. கேட்டா என்ன சொல்லுவாங்க?"

எனக்கு மறுமொழி இல்லை. கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கா, மாவட்ட வன அதிகாரிக்கா முதலில் எழுதுவது என்பதில் அவருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. இரண்டு பேருக்கும் எழுதி, பிரதியைக் கரையோரத் திணைக்களத்துக்கும் போடவேண்டும் என்றார். இல்லாவிட்டால் பிறகு அவர்கள் எங்களைக் கேட்கவில்லை என்பார்களாம்.